தண்ணீர் அட்டையை எங்கே வைப்பது

கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் அட்டைக் கட்டுக்கு மேலே வைக்கிறேன். பொள்ளாச்சியில் இறங்கி, உடுமலை பஸ் பிடித்து, அங்கிருந்து மறையூர் வழியாக மலை ஏறி முடிக்கும்வரை நீ பெட்டியைத் திறக்க மாட்டாய். அப்படியே திறந்தாலும் படிக்காதே, வளைவில் படித்தால் உனக்குத் தலை சுற்றும். அறைக்குப் போய்ச் சேர்ந்து, துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கும்போது படி. இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நேரில் சொல்ல ஆரம்பித்தால் நான் முன்னுரையைத் தாண்ட மாட்டேன் என்பது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எழுதினால் அடித்துத் திருத்தலாம். முதலில் நான் எழுத நினைத்த வாக்கியம் ஒன்றுதான்: நாம் ஜெயித்துவிட்டோம். எழுதிய பிறகு, இது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே, அடித்துவிடலாமா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

உன் வேலை என்ன என்று எனக்குப் பல வருடங்களாகப் புரியவில்லை. கோயம்புத்தூரில் நீ வேலைக்குப் போன புதிதில் யாராவது கேட்டால், 'கம்ப்யூட்டரில் பட்டன் வரைகிறாள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ திருத்துவாய். 'பட்டன் வரையறது இல்லீங்ப்பா, எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கத்துக்கு எப்படிப் போறதுன்னு யோசிக்கறது' என்பாய். நான் தலையாட்டுவேன். மனதுக்குள், பெயர்ப்பலகை எழுதுகிற வேலை போல இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கல்லூரி நூலகத்தில் வாழ்நாள் முழுவதும் புத்தகங்களை வகைப்படுத்தி அடுக்கிய ஒருவனுக்கு, மகளுடைய வேலையும் தன்னுடைய வேலையும் ஒரே வேலை என்பது ஏன் தோன்றவில்லை என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. தோன்றியிருக்க வேண்டும். உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த வயதில், நான் ஒருநாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது என் புத்தக அலமாரி முழுக்க மாறியிருந்தது. எண் வரிசையில் நான் அடுக்கியிருந்ததையெல்லாம் இறக்கி, மேல் தட்டில் அம்மா படிப்பது, அடுத்ததில் அப்பா படிப்பது, அடுத்ததில் நீ படிப்பது என்று அடுக்கியிருந்தாய். கீழ்த் தட்டில் என்ன என்று கேட்டேன். 'அது ஆரும் படிக்காதது' என்றாய். என் புத்தகங்களில் முக்கால்வாசி அங்கேதான் இருந்தன. நான் அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி எண் வரிசைக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'புள்ள வெச்சப்பத்தான் எனக்கு என்ற புஸ்தகம் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுது' என்றாள். நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு என்மேல் இந்த விஷயத்தில் பழைய வழக்கு ஒன்று உண்டு. உன் மாமா வீட்டுக் காரியத்துக்காக அவள் ஒரு வாரம் போயிருந்தபோது, உதவி செய்வதாக நினைத்துச் சமையலறை டப்பாக்கள் எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கி, பெயர் எழுதி ஒட்டிவைத்தேன். கற்கண்டும் கற்பூரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. திரும்பி வந்தவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். 'ஏனுங்க, சாமிக்குக் கற்கண்டைப் பத்தவெச்சுட்டு நீங்க பால்ல கற்பூரத்தப் போட்டுக் குடிச்சீங்களா?' என்று கேட்டாள். இன்றைக்கும் விருந்தாளி வந்தால் அந்தக் கதை வெளியே வரும். பெயரால் அடுக்குவது ஒரு முறை. பொருள் எப்போது, யார் கைக்கு, எதற்காக வேண்டும் என்று அடுக்குவது வேறு முறை. அவளுடைய சமையலறையில் தாளிக்கிற சாமான் எல்லாம் அடுப்புக்குக் கைநீட்டும் தூரத்தில் இருக்கும். சாமி சாமான் வேறு அறையில் இருக்கும். அதற்கு ஒரு பெயரும் அவள் எழுதி ஒட்டியதில்லை. இந்த இரண்டு கதையையும் நான் மறக்காமல் வைத்திருந்தும், நம் ஊர் விவசாயிகள் சங்கத்து வெப்சைட்டுக்கு என்று வந்தபோது ஒன்றும் என் புத்தியில் வந்து நிற்கவில்லை.

சங்கத்து வேலை உனக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் அறிவேன். சொந்தப் பெயரில், சொந்த ஊரில், நீ எடுத்த முதல் வேலை. அதுவரைக்கும் இந்தப் பக்கத்தில் நெல் அறுப்பு என்றால் ஏஜெண்டைத்தான் பார்க்க வேண்டும். மெஷின்கள் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். யார் வயலில் முதலில் இறங்குவது என்பது அவர் வாயில் இருக்கும். சங்கம் துணிந்து மெஷின்களை நேரடியாகப் பேசி எடுத்தது. உறுப்பினர்கள் வெப்சைட்டில் பதிந்துகொண்டால் வரிசைப்படி மெஷின் வரும். விதை, உரம், மண் பரிசோதனை, வாய்க்கால் தண்ணீர் முறை, பன்றி நாசம் பண்ணினால் நஷ்டத்துக்கு எழுதிக் கொடுப்பது என்று மற்ற எல்லாமும் அதிலேயே. கோயம்புத்தூரில் இருந்து வந்து ஊரிலேயே உட்கார்ந்து இந்த மாதிரி ஆட்களுக்கு இந்த மாதிரி வேலை செய்து பிழைக்க முடியுமா, அல்லது பெங்களூருக்குப் போக வேண்டியதுதானா என்பதை இந்த ஒன்றை வைத்து முடிவு செய்வதாக நீ அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நீ என்னிடம் வந்து, 'நீங்கதான வகைப்பிரிக்கறதுல கெட்டிக்காரரு, மெனு எப்படி இருக்கோணும்னு நீங்களே சொல்லுங்ப்பா' என்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

நான் ஒழுங்காகத்தான் செய்தேன். அதுதான் விசேஷம். சங்கத்துக்கு என்னென்ன பிரிவுகள் உண்டோ அத்தனையையும் கேட்டு எழுதி, இடுபொருள், இயந்திரம், கொள்முதல், கடன், நிர்வாகம் என்று தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் உட்தலைப்பு, அதன் கீழ் இன்னொன்று என்று ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் அடுக்கிக் கொடுத்தேன். தலைவர் ஆறுச்சாமிக்கும் பிடித்திருந்தது; சங்க அலுவலகத்தில் மேசைகள் போட்டிருக்கிற வரிசையே அதுதான். நீ முகம் சுளித்ததை இப்போது நினைத்தால் ஞாபகம் வருகிறது. ஆனால் அப்பா சொன்னது என்று அப்படியே கட்டிவிட்டாய். முதல் போக அறுப்பு வந்தது. புரட்டாசி மழை எப்போது விழும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அலுவலகத்துப் போன் நிற்காமல் அடித்தது. அங்கே மேசையில் உட்காரும் சுலைமான், ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும், இயந்திரத்துக்குள் போங்க, அதற்குள் வாடகைக்குள் போங்க, அதற்குள் பருவ சேவைக்குள் போங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, கடைசியில் பெயரையும் வயலையும் கேட்டுத் தானே பதிந்துகொண்டிருந்தார். வெப்சைட் போட்டதில் வேலை குறையவில்லை, அவருக்கு இரண்டு மடங்கானது.

அதற்கு நடுவில்தான் காளியப்பன் வயலில் அந்தக் காரியம் நடந்தது. காளியப்பன் யாரையும் கேட்காமல் தானாகவே பதிந்த ஒரு சிலரில் ஒருவர். இயந்திரம் என்ற தலைப்புக்குள் போனார், வாடகைக்குள் போனார், முதலில் கண்ணில் பட்டதைத் தொட்டார். காலையில் அவர் வரப்பில் வந்து நின்றது, சேற்று உழவுக்கான கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர். உழவு டிராக்டரும் அறுப்பு மெஷினும் ஒரே தலைப்பின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஏனென்றால் இரண்டும் இயந்திரம். நான்தான் அப்படி வைத்தேன். கற்கண்டும் கற்பூரமும் போல. நம்மைக் கூப்பிட்டு அனுப்பி நாம் போனபோது சுற்றிலும் பத்து வயல்காரர்கள் கூடியிருந்தார்கள். டிரைவர், உழவுக்குத்தானே எழுதியிருக்கிறது என்று போனைக் காட்டிக்கொண்டிருந்தார். காளியப்பன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

'ஏனுங்க லைப்ரரி சார், நெல்லு நிக்குது வயல்ல. உழுகறதுக்கு வண்டி நிக்குது வரப்புல. எதைய முன்னால பண்றதுன்னு சொல்லிப்போடுங்க.'

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சிரித்தவர்களில் பாதிப்பேர் அன்றைக்கே ஏஜெண்டுக்குப் போன் செய்துவிட்டார்கள் என்று சுலைமான் பிறகு சொன்னார். காளியப்பன் வயலுக்கும் ஏஜெண்டின் மெஷின்தான் வந்தது, மழைக்கு ஒரு நாள் முன்னால்.

அதன் பிறகு நீ செய்தது, ஆறுச்சாமி சொன்னது. அறுப்பு மெஷினை மேலே தூக்கிப் பெரிய பட்டனாகப் போடச் சொன்னார், போட்டாய். விதையையும் மேலே கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்தாய். கொள்முதலுக்குப் பச்சை நிறம், கடனுக்கு மஞ்சள் நிறம். ஒரு வாரத்தில் முகப்புப் பக்கம் தேர்த் திருவிழாக் கடைவீதி மாதிரி ஆகிவிட்டது. எல்லாமே கூப்பிட்டது, ஒன்றும் காதில் விழவில்லை. ஒருநாள் மத்தியானம் நீ மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னாய்: 'கதவை மாத்தி மாத்தி வெச்சுட்டு இருக்கறேன்ப்பா. உள்ள ரூம்பே தப்பா இருக்குது.' உன் தொழிலில் எனக்கு முதன்முதலாக ஏதோ ஒன்று புரிந்ததும் அந்த நிமிஷத்தில்தான். நேவிகேஷன் என்று நீ சொல்வது கதவும் நடையும் படிக்கட்டும். கண்ணுக்குத் தெரிவது அதுதான், அதனால் எல்லோரும் அதைத்தான் திருத்தச் சொல்வார்கள். தகவல் கட்டமைப்பு என்று நீ சொல்வது, எது எதோடு சேர்ந்து இருக்க வேண்டும், எது எதைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்பது. அது யார் கண்ணுக்கும் தெரியாது. அது தப்பாக இருந்தால் எத்தனை கதவு வைத்தாலும், ஆட்கள் சுற்றிச் சுற்றி உழவு டிராக்டரிடம்தான் போய்ச் சேருவார்கள்.

பொதுக்குழுவில் வெப்சைட்டை நிறுத்திவிட்டு அறுப்புப் பேச்சை ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று தீர்மானம் வந்தது. ஆறுச்சாமி கெட்டவர் அல்ல. 'புள்ள நல்லாத்தான் படம் போட்டிருக்குது. தேடறது ஒண்ணும் கெடைக்க மாட்டேங்குதே, என்ன பண்றது' என்று வருத்தத்தோடுதான் சொன்னார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் இருந்த காலம் முழுவதும் ஒரு கூட்டத்திலும் எழுந்து பேசாதவன் நான். ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்கு நடந்த பிரிவு உபசாரத்தில்கூட நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவன். அன்றைக்கு எப்படி எழுந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பேச நினைத்தது நிறைய. வாயில் வந்தது, 'இன்னும் ஒரு போகம் குடுங்க' என்பது மட்டும். எதற்கு என்று கேட்டார்கள். 'மெனு நான் அடுக்குனது. இந்தத் தடவை நீங்க அடுக்குங்க' என்றேன். இரண்டாம் போக அறுப்பு வரைக்கும் என்று தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள். வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, 'அட்டை வேணுமேப்பா' என்றாய்.

அட்டை என்னிடம் இருந்தது. நூலகம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது தூக்கி எறியப் போன பட்டியல் அட்டைகளைக் கேட்டு வாங்கி, மூட்டை கட்டிப் பரண்மேல் வைத்திருந்தேன். ஒரு பக்கம் நூலின் பெயரும் எண்ணும் என் கையெழுத்தில்; மறுபக்கம் வெற்று. எதற்கு இந்தக் குப்பை என்று உன் அம்மா கேட்காத பொங்கல் இல்லை. நீ ஒவ்வொரு வெற்றுப் பக்கத்திலும் சங்கத்தில் கிடைக்கும் ஒரு விஷயத்தைப் பெரிய எழுத்தில் எழுதினாய். களத்தில் நெல் காயப்போடும் தார்ப்பாயை விரித்து, வந்தவர்களை உட்காரவைத்து, எது எதோடு சேருமோ அதைச் சேர்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாய். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது உன் நிபந்தனை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நீ பார்த்திருப்பாய். காளியப்பன் உழவு டிராக்டரை எடுத்து விதையோடு வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அறுப்பு மெஷினை எடுத்து, மெஷின் ஏறுகிற அளவுக்கு வயல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதோடும் கொள்முதல் டோக்கனோடும் சேர்த்தார்கள். மண் பரிசோதனையை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு, சண்டை வேறெங்கோ போய், பழைய வரப்புத் தகராறு ஒன்று கிளம்பி, நீ மோர் கொடுத்து உட்கார வைத்தாய். ஒரு குழு எல்லா அட்டையையும் ஒரே குவியலாகக் கூட்டி, எல்லாமே விவசாயம்தானே என்றது. அவர்களையும் நீ திருத்தவில்லை, இன்னொரு தடவை வரச் சொன்னாய். நாலைந்து குழுக்கள் முடிந்த பிறகு எனக்கே உருவம் தெரிய ஆரம்பித்தது. விதைப்பதற்கு முன்னால், பயிர் நிற்கும்போது, அறுப்பு வந்தால், நெல் வீட்டுக்கு வந்த பிறகு. தென்னந்தோப்புக்குப் பருவம் இல்லை என்பதால் அது தனி. பன்றி, காற்று, பூச்சி எல்லாம் 'ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா' என்று இன்னொரு தனி. என் பிரிவுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அம்மா படிக்கும் மேல் தட்டு, யாரும் படிக்காத கீழ்த் தட்டு எல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

தெய்வானை மட்டும் ஓர் அட்டையைக் கீழே வைக்கவில்லை. வாய்க்கால் கடைமடையில் தோட்டமும் வயலும் வைத்துத் தனியாகப் பாடுபடுகிறவர். தண்ணீர் அவர் வயலுக்கு வரும்போது மற்றவர்களுக்கெல்லாம் வந்து முடிந்திருக்கும். தண்ணீர் முறை என்று எழுதிய அட்டை அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு குவியலிடமும் போனார், குனிந்தார், நிமிர்ந்தார். எதிலாவது வையுங்கள் அக்கா என்று நீ சொன்னாய்.

'எதுல வெக்கச் சொல்ற கண்ணு? வெதைக்கறதுக்கும் தண்ணி. பயிர் நிக்கறப்பவும் தண்ணி. அறுப்புக்கு முன்னால நிறுத்தோணும், அந்த நாளும் தெரியோணும். தென்னைக்கும் அதேதான். ஒண்ணுல வெச்சா மத்ததுக்குத் தெரியாமப் போயிரும். நான் வெக்க மாட்டேன் போ.'

நான் நிபந்தனையை மறந்துவிட்டேன். ஒரு புத்தகம் இரண்டு தட்டில் இருக்க முடியாதம்மா, எங்கேயாவது ஓர் இடத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆரம்பித்தேன். அந்த அவஸ்தை எனக்குப் பழக்கமானது. ஒரு நூல் வேளாண்மைக்கும் சேரும், சட்டத்துக்கும் சேரும் என்றால் வேளாண்மையில் வைத்துவிட்டு, சட்டத்தில் தேடி வருகிறவருக்காக அங்கே 'இதையும் காண்க' என்று ஓர் அட்டை போட்டு வைப்போம் என்று சொல்லிக்கொண்டே போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். 'அப்பா, புஸ்தகம் ஒண்ணுதான். அட்டை எத்தனை வேணும்னாலும் போடலாமில்ல?' போடலாம் என்றேன். போட்டிருக்கிறோமே. 'அதுதாம்ப்பா நேவிகேஷன்' என்றாய். அந்த வெயிலில், தார்ப்பாய்மேல் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. நாற்பது வருடம் நான் செய்துகொண்டிருந்த வேலைக்கு உன் வாயில் வேறொரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். தண்ணீருக்கு ஒரே ஒரு பக்கம். அதற்கு எல்லாக் குவியலிலிருந்தும் ஒரு வழி, எந்தப் பக்கத்தில் நின்றாலும் மேலே நீலப் பட்டை. இத்தனை நாளும் நீ மேலே தூக்கிவைத்த பட்டன்களுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அவை இடம் தெரியாததால் மேலே போனவை. இது எல்லா இடத்துக்கும் உரியது என்பதால் மேலே வந்தது.

தையில் கதிர் சாய்ந்தது. முதல் நாள் நான் அலுவலகத்துக்குப் போய் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அங்கேயும் இருக்க முடியவில்லை. போன் அடிக்கவே இல்லை. ஒருவரும் பதியவில்லை, எல்லோரும் ஏஜெண்டிடம் போய்விட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். சுலைமானுக்கும் சந்தேகம். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். வைத்துவிட்டுத் தன் செல்போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். மேசைப் போன் அலறியது. பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். தள்ளத் தள்ளப் பெயர்கள். வயல், வாய்க்கால், நாள், எல்லாம் அவரவரே பதிந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

'போன் நல்லாத்தான் இருக்குது சார். கூப்பிடறதுக்குத்தான் ஆளில்ல.'

நான் உனக்கு அப்போதே போன் செய்யாமல் வீடுவரை நடந்து வந்து சொன்னேன், ஏனென்றால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வந்து பார்த்தால் உன் அம்மா முந்திக்கொண்டு, நம் வயலுக்கு மெஷினைப் பதிந்து முடித்திருந்தாள். ஒருநாளும் அந்த வெப்சைட்டை அவள் திறந்ததில்லை. யாரைக் கேட்டுப் பதிந்தாய் என்றேன். 'அறுப்பு வந்தாச்சல்ல, அதைத் தொட்டேன், மெஷின் இருந்துச்சு' என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். அவளுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. அதைவிடப் பெரிய சான்றிதழ் உனக்கு யார் தரப்போகிறார்கள்.

மறு பொதுக்குழுவில் நடந்ததை நீ பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுதி எழுதி அனுபவிக்க வேண்டும் போல இருக்கிறது. ஆறுச்சாமி பழைய தீர்மானத்தைப் படித்தார், இதை இனி எடுக்க வேண்டாம் அல்லவா என்று கேட்டார். அறுப்பு முழுவதும் எல்லா வயலுக்கும் சங்கத்து மெஷின் வந்திருந்தது. காளியப்பன் எழுந்தார். இந்தத் தடவை என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். 'ஒரே ஒரு கொறைதானுங்க. டிராக்டர் வராம இந்தத் தடவை வரப்பு வெறிச்சுனு இருந்துச்சு' என்றார். மண்டபம் சிரித்து அடங்க நேரமானது. ஆறுச்சாமி உன்னை முன்னால் கூப்பிட்டார். நீ மோர்ப் பானை பக்கத்தில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றாய், என் மகள் என்பது அங்கே நன்றாகத் தெரிந்தது. சரி, இதைச் செய்தது யார் என்று எல்லோருக்கும் சொல்லியாவது விடு என்று அவர் உன்னைக் கேட்டபோது, நீ பதில் சொல்வதற்குள் தெய்வானை எழுந்துவிட்டார்.

'ஆரு பண்ணுனது? நாங்கதான் பண்ணுனோம். புள்ள கூடமாட ஒத்தாசை பண்ணுச்சு.'

நீ சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பை நான் உன் பட்டமளிப்பு விழாவிலும் பார்க்கவில்லை. வேறொரு பெண்ணாக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். உனக்கு அதுதான் பரிசு என்று உடனே தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அவர்கள் தேடியது கிடைத்தபோது, வைத்தது நாங்கள்தான் என்று அவர்களுக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, உண்மையே அதுதான். பெங்களூர்ப் பேச்சை நீ அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இப்போது மலைமேல் இருக்கும் பால்காரர்கள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாட்டுப்பட்டி அணைக்கும் அப்பால், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் மாடு வைத்திருப்பவர்கள் சேர்ந்த சின்னச் சங்கம். அவர்களில் ஒருவர் இங்கே வந்து, நம் வெப்சைட்டைச் சுலைமானின் மேசையில் உட்கார்ந்து அரைநாள் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து, 'அண்ணாச்சி, இதே மாதிரி ஒண்ணு எங்களுக்கும் வேணும். ஒரு எழுத்துகூட மாத்தாண்டாம்' என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை தலைக்கேறினால் என் கை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். அவர் போன பிறகு உட்கார்ந்து, கறவைக்கு முன்னால், கறவைக்குப் பின்னால், கன்று, தீவனம், நோய், பனிமூட்டத்தில் பால் வண்டி வராத நாள் என்று அழகாக ஒரு வரிசை எழுதினேன். பருவ வரிசை மாதிரியே, உட்தலைப்போடு. உன்னிடம் கொடுக்கலாம் என்று மடித்தும் வைத்தேன். பிறகு, நான் வாழ்க்கையில் ஒருநாளாவது மாடு கறந்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் தடவை செய்த தப்பை ஜெயித்த மறுமாதமே திரும்பவும் செய்யப் பார்த்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

அதனால் உனக்கு என்னிடம் இருக்கும் புத்திமதி இது ஒன்றுதான், அதையும் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. நம் மெனுவை அங்கே கொண்டுபோகாதே. அவர்கள் கேட்பார்கள், கெஞ்சுவார்கள், அதேபோல் நீலப் பட்டை வேண்டும் என்பார்கள். அது கடைமடைக்காரி ஒருத்தி களத்தில் நின்று பிடித்த பிடிவாதத்தில் வந்தது. அந்தப் பிடிவாதம் இல்லாத ஊரில் அது வெறும் நீல நிறம். அவர்கள் பேசுகிற தமிழ் நாம் பேசுகிற தமிழ் இல்லை. அவர்களுடைய காலை நம் காலைக்கு முன்னால் விடிகிறது. அவர்களைத் தார்ப்பாயில் உட்காரவை, அல்லது அங்கே எதில் உட்காருவார்களோ அதில் உட்காரவை. சண்டை வந்தால் மோர் கொடு. அங்கே குளிருக்கு டீ கொடு. நீ நன்றாகச் செய்தாய் என்று அவர்கள் சொல்லாவிட்டால் வருத்தப்படாதே. தாங்களே செய்தோம் என்று சொன்னால் எனக்கு எழுது.

பெட்டியில் அட்டைக் கட்டு முழுவதும் வைத்திருக்கிறேன். பரணில் இனி ஒன்றும் இல்லை. உன் அம்மா அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாள். வெற்றுப் பக்கம் எல்லாம் உன்னுடையது. ஓர் அட்டை மட்டும் குறையும். தண்ணீர் முறை என்று எழுதியதைத் தெய்வானை அன்றைக்கு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டேன். தரமாட்டேன் என்றார். அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் இடுக்கில் அது செருகியிருப்பதை நேற்றுப் பார்த்தேன், என் கையெழுத்து சுவர்ப் பக்கமும் உன் கையெழுத்து வீட்டுப் பக்கமுமாக.

மலைமேலும் ஒருத்தி இருப்பாள், அல்லது ஒருவர் இருப்பார். எல்லோரும் அட்டையை வைத்துவிட்டு எழுந்த பிறகும் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, எதில் வைக்கச் சொல்கிறாய் என்று நின்றுகொண்டிருப்பார். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் மாட்டேன். பார்த்ததும் எனக்குப் போன் செய்.

அப்பா